அறுபத்தோராவது கதவு

ஓய்வு பெற்ற டாக்டரிடம் போய், "நீங்கள் பார்த்ததிலேயே ஆடம்பரமான கிட்னி எது?" என்று யாரும் கேட்பதில்லை. ஓய்வு பெற்ற ஹோம் இன்ஸ்பெக்டருக்கு அந்த மரியாதை கிடையாது. வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கூரை ஒழுகுமா, சுவர் நிற்குமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள் அல்லவா, அந்த ஆளாக நியூ ஜெர்சியில் இருபத்துச் சொச்சம் வருடம் ஏணி தூக்கினேன். எத்தனையோ பேஸ்மென்ட்டுகளில் முட்டி தேய்த்திருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். போன மாதம் ஐசலின் என்ற ஊரில் எனக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தந்த நான்கு இளம் இன்ஸ்பெக்டர்களும் சாம்பார் வருவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டார்கள்.

"அங்கிள், அந்த டிக்டேட்டர் வீட்டு பாத்ரூம்ல நெஜமாவே கோல்ட் டாப்பா?"

ஆமாம் தம்பிகளே, தங்கம்தான். அதாவது முலாம். ஓரங்களில் உரிந்து, பித்தளை பல்லிளித்துக்கொண்டிருந்தது. திறந்துவிட்டால் வெந்நீர் வருவதற்குள் பல் தேய்த்து முடித்துவிடலாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கூரைக்கு மேல் பறக்க ட்ரோன் இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் ஈரத்தைக் காட்ட கேமரா இருக்கிறது. பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸ் இருக்கிறது. எங்கள் காலத்தில் டார்ச்சும் ஏணியும் கொஞ்சம் அசட்டுத் தைரியமும் இருந்தால் போதும், இன்ஸ்பெக்டர் ஆகிவிடலாம். அந்த வீட்டுக் கதையை ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதுவும் பாதிக் கதையைத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். தங்கக் குழாயோடு திருப்தி அடைந்தவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து கை கழுவிக்கொள்ளலாம்.

நான் கோவில்பட்டிக்காரன். சிவில் டிப்ளமோ படித்து, இரண்டு சிறு பாலங்கள் கட்டி, மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததால் கூடவே வந்தவன். என் டிப்ளமோவைப் புரட்டிப் பார்த்த அமெரிக்கர்கள் என்னைப் பெட்ரோல் போடச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் போட்டேன். ஒருநாள் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. மேலே ஏணி. "சார், மூன்றாவது படியில் விரிசல் இருக்கிறது, இன்றைக்கு ஏறாதீர்கள்" என்றேன். டிரக் ஓட்டி வந்தவர் இறங்கி வந்து படியைத் தடவிப் பார்த்தார். மறுவாரம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்தான் வால்டர். என் பட்டப்படிப்பு, பட்டமளிப்பு விழா எல்லாம் அந்தப் பெட்ரோல் பங்க்கிலேயே முடிந்துவிட்டது.

வால்டர் ஆறடிக்கு மேல். அதிகம் பேசமாட்டார். மதியத்துக்கு ஓர் ஆப்பிள், அதையும் டிரக்கில் உட்கார்ந்துதான் தின்பார். பார்க்கப் போன வீட்டில் நாற்காலியில் உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், "அழகான வீடு" என்று சொல்லவே மாட்டார். "அழகு என்று வாயைத் திறந்தவன் அதற்குப் பிறகு எதையும் பார்க்க மாட்டான்" என்பார். வீட்டுக்காரர்கள் வரவேற்பறையிலிருந்து மேலே கூட்டிப்போவார்கள். இவர் காது கேட்காதவர்போல நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிடுவார்.

அவருடைய முக்கியமான பழக்கம் கதவு எண்ணுவது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சுற்று சுற்றி, அலமாரிக் கதவு, பரண் கதவு உட்பட எல்லாவற்றையும் எண்ணி, நோட்டின் மூலையில் எழுதி வட்டம் போடுவார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து டிக் போடுவார். கிளம்பும்போது டிக்கும் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் டிரக்கிலிருந்து இறங்கித் திரும்பப் போவார். "திறக்காத கதவுக்குப் பின்னால்தான் வீடு இருக்கிறது" என்பது அவர் எனக்குச் சொன்ன ஒரே தத்துவம்.

இன்னொன்று பாயிலர் சோதனை. வீட்டைச் சூடாக்கும் பாயிலரின் புகை, குழாய் வழியாக மேலே புகைபோக்கிக்குப் போக வேண்டும். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு திறந்த வாய் இருக்கும். வால்டர் அங்கே தீக்குச்சியை அணைத்துப் பிடித்து, புகை உள்ளே இழுபடுகிறதா என்று பார்ப்பார். குச்சி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று நான் ஒருநாள் ஊதுபத்தியை நீட்டினேன். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அடுத்த வாரம் இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் இரண்டு டஜன் பாக்கெட் வாங்கி வந்தார். அதன் பிறகு எங்கள் ஜில்லாவில் விற்பனைக்கு வந்த பேஸ்மென்ட் எல்லாவற்றிலும் சந்தனம் மணந்தது. சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும் என்பது அவருடைய கறாரான சட்டம். முதலில் சாதாரணமாக. பிறகு சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு. பெரிய ஃபேன் வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ளினால், அந்தக் காலி இடத்தை நிரப்பப் புகைபோக்கியில் போக வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பிவிடும். அந்தப் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

இனி அந்த டிக்டேட்டர் வீடு, அதாவது ஜெனரல் வீடு. அவருடைய நாட்டின் பெயர் வேண்டாம். அந்த ஜனங்கள் பட்டது போதும். ஆட்சியில் இருந்த காலத்தில், ஓய்வெடுப்பதற்கென்று நியூ ஜெர்சியில் ஒரு மாளிகை வாங்கியிருந்தார். உலகத்தில் எத்தனையோ கடற்கரைகள் இருக்க, ஓய்வெடுக்க நியூ ஜெர்சியைத் தேர்ந்தெடுத்தவரின் மூளை நாட்டை எப்படி ஆண்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆட்சி கவிழ்ந்து அவர் எங்கோ ஓடிவிட்டார். கோர்ட் வீட்டை எடுத்துக்கொண்டு, விற்றுத்தரச் சொல்லி ஒரு வக்கீலிடம் ஒப்படைத்திருந்தது. இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

வாங்க முன்வந்தவர் நம்மவர். தணிகாசலம், ஈரோட்டுக்காரர், சொந்தமாகக் கம்ப்யூட்டர் கன்சல்டிங் கம்பெனி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க பொறுமையா எல்லாம் பாருங்ணா. ரிப்போர்ட் அப்பறம் குடுத்தாப் போதும். அன்னைக்கே நாங்க சின்னதா பால் காய்ச்சிக்கறோம். தை மாசம், நல்ல முகூர்த்தமுங்க. விட்டா இந்த மாதிரி அமையாது. பத்தரைக்குள்ள பால் பொங்கிரோணும்."

"வீடு இன்னும் உங்க கைக்கு வரலயே சார்?"

"அதான் வக்கீல்கிட்ட பேசி பெர்மிஷன் வாங்கிட்டனுங்களே. ரிலீஜியஸ் இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லியிருக்கேன்."

வீடு வாங்குவதற்கு முன்பே பால் காய்ச்சும் தைரியம் உலகத்தில் வேறு எந்த இனத்துக்கும் கிடையாது.

அன்றைக்கு வால்டருக்கு வேறு வேலை. நான் தனியாக ஏழரை மணிக்கே போய்விட்டேன். வெளியே முழங்கால் வரை பனி. கதவைத் திறந்தவர் தெரேசா. ஜெனரலின் கார் டிரைவரின் மனைவி, டிரைவர் இறந்துபோயிருந்தார். இருபது வருடமாக அந்த வீட்டுச் சமையலும் துப்புரவும் அவர் வேலை. போக இடம் இல்லாததால், வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வக்கீல் அவரை அங்கேயே விட்டிருந்தார். இஸ்திரி போட்ட கருப்பு உடுப்பு, கருப்புக் காலுறை. ஒரு குடும்பம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, விடியும் முன்பே எழுந்து அடுப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். எனக்கு ஒரு காபி கொடுத்தார். வால்டர் சட்டப்படி அது குற்றம். குளிர் அப்படி; குடித்தேன்.

கதவுகளை எண்ணினேன். அறுபத்தொன்று. நோட்டில் எழுதி வட்டம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கூடத்தில் எட்டுச் சலவைக்கல் தூண்கள். தட்டினேன், டொக் என்றது. பிளைவுட், மேலே பெயின்ட். சுவரில் ஜெனரல் குதிரைமேல் வீற்றிருந்தார். குதிரையின் முகத்தில்தான் கொஞ்சம் அறிவு தெரிந்தது. மாடியில் கையசைப்பதற்கென்றே ஓர் உப்பரிகை. நியூ ஜெர்சியில் கீழே வந்து நிற்க மக்கள் கிடைக்கமாட்டார்கள் என்பதால், தோட்டத்தில் பன்னிரண்டு சிலைகளை அண்ணாந்து பார்த்தபடி நிறுத்தியிருந்தார். அவருக்கென்று தனியாக ஒரு முடிவெட்டும் அறை, பல் டாக்டர் நாற்காலி. அவர் பயன்படுத்திய ஜன்னல்களுக்கெல்லாம் குண்டு துளைக்காத கண்ணாடி. சமையலறை ஓட்டல் அளவுக்குப் பெரியது. அடுப்புக்கு மேலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தால் விமானத்திலிருந்து கழற்றியது போல இருந்தது.

பேஸ்மென்ட்டில் பாயிலர். வக்கீல் செலவைச் சுருக்க அதைச் சிணுங்கும் அளவுக்குக் குறைத்து ஓடவிட்டிருந்தார். ஊதுபத்தி ஏற்றிப் பிடித்தேன். புகை கொஞ்சம் சோம்பலாகத்தான் போனது. ஆனாலும் மேலேதான் போனது. ஃபேனைப் போட்டு இரண்டாவது சோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று குறித்துக்கொண்டேன். பாயிலரை ஒட்டியே ஒரு சிறிய கதவு. தெரேசாவின் அறை. ஒரு பெண்ணின் படுக்கையறை, அவரை வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் முறை என்று அதையும் கடைசிக்குத் தள்ளினேன்.

ஒன்பதரைக்கு ஏழெட்டு வேன்கள் வந்து நின்றன. பட்டுப்புடவைக்கு மேல் பனிக்கோட்டு. மாவிலை, பழத்தட்டு, வீடியோ கேமரா, வெண்கலப் பானை. பாலைப் பார்த்தேன், கொழுப்பு எடுத்த டூ பர்சென்ட். அதுவும் பொங்கும், கொஞ்சம் யோசித்துப் பொங்கும். உள்ளே வந்ததும் எல்லோருக்கும் குளிர். தணிகாசலம் பாயிலரை முழுதாகத் திருகிவிட்டார். சாம்பிராணி போட்டால் ஸ்மோக் அலாரம் அலறும், ஃபயர் இன்ஜின் வரும் என்பது அமெரிக்கத் தமிழனின் முதல் பயம். யாரோ எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டார்கள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வால்டரின் இரண்டாவது சோதனைக்குத் தேவையானதையெல்லாம் இவர்களே ஏற்பாடு செய்துவிட்டார்கள். இறங்கிப் போய் ஊதுபத்தியைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. விசேஷ வீட்டில் அது என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

தணிகாசலத்தின் மனைவி மல்லிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப். அந்த லேடி அடுப்புகிட்டயே ஃபுல் பிளாக்ல நிக்கறாங்க. விடோவாம். நான் இதெல்லாம் நம்பறதில்லைங்க, உங்களுக்கே தெரியும். ஆனா வந்திருக்கற பெரியவங்க ஏதாச்சும் பேசுவாங்க. பால் பொங்கற வரைக்கும் அவங்கள ரூம்ல இருக்கச் சொல்றீங்களா? ஹர்ட் பண்ணாம, நைஸா சொல்லுங்க."

"நான் இதெல்லாம் நம்புவதில்லை" என்று தொடங்கும் தமிழ் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விசேஷத்தில் நாலு பேர் முன்னால் எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

தெரேசாவிடம் போய், என்னிடம் இருந்த மிக நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: "நிறையப் பேர் வருகிறார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம்? கொஞ்ச நேரம் உங்கள் அறையில் ஓய்வெடுங்களேன், ப்ளீஸ். முடிந்ததும் நானே வந்து கூப்பிடுகிறேன்."

ஏன் என்று கேட்டால் சொல்ல நீளமாக ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தார், கைத்துணியை மடித்து அடுப்பின் ஓரத்தில் வைத்தார், இறங்கிப் போய்விட்டார்.

பத்து இருபதுக்குப் பால் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஆரம்பித்தது சுற்றுலா. ஒரு மாமி தங்கக் குழாயை விரலால் சுரண்டிப் பார்த்தார். ஒரு சார் பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். தமிழ்ச் சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருந்த ஒருவருக்கு உப்பரிகையைக் கண்டதும் பேச்சு வந்துவிட்டது; பனியில் நின்ற பன்னிரண்டு சிலைகளுக்கும் "அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே" என்று கையசைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சர்வாதிகாரியை வெறுப்பவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் அவருடைய நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமல் ஒருவரும் கிளம்பவில்லை.

கேசரி சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. டிக்குகளை எண்ணினேன். அறுபது.

மறுபடி எண்ணினேன். அறுபதுதான். அப்போதுதான் "நானே வந்து கூப்பிடுகிறேன்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

பேஸ்மென்ட் படியில் இறங்கும்போதே அங்கிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலையில் அது உலர்ந்திருந்தது. பாயிலர் புகையில் நீராவியும் உண்டு. ஊதுபத்தியைக் கொளுத்திப் பாயிலர் வாயில் பிடித்தேன். புகை மேலே போகவில்லை. திரும்பி என் முகத்தில் அடித்தது.

படி ஏறி ஓடி, மேல்படி அருகில் சிவப்புத் தகட்டோடு இருக்கும் பாயிலர் சுவிட்சை அணைத்தேன். மறுபடி கீழே ஓடிக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திறந்தேன்.

பத்துக்குப் பத்து அறை. ஒரே ஒரு ஜன்னல், பெயின்ட் அடித்து அடித்து ஒட்டிப்போனது. குண்டு துளைக்காத கண்ணாடி அங்கே இல்லை. காற்றுக்கூடத் துளைக்க வழியில்லை. தெரேசா கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்று, சரிந்து கிடந்தார். உடுப்பு கசங்கக் கூடாது என்று பாவாடையை இழுத்துவிட்டிருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"முடிந்துவிட்டதா? நான் வெளியே வரலாமா?" என்றார்.

அவரைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வெளியே போகக் கிட்டத்து வழி சமையலறைதான். பூஜை சாமான், வெண்கலப் பானை, பட்டுப்புடவைகள் எல்லாவற்றுக்கும் நடுவே, அந்தக் கருப்பு உடுப்புக்காரரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தேன். "அய்யய்யோ" என்று யாரோ சொன்னார்கள். எதற்காகச் சொன்னார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மல்லிகா ஒரு பார்வைதான் பார்த்தார். படித்த கெமிஸ்ட்ரி முழுவதும் அந்த நிமிடம் திரும்பி வந்துவிட்டது.

"கார்பன் மோனாக்சைடு! ஃபேன ஆஃப் பண்ணுங்க! எல்லாக் கதவையும் திறங்க! எல்லாரும் வெளிய போங்க, குழந்தைங்கள தூக்குங்க! நைன் ஒன் ஒன் கால் பண்ணுங்க!"

வெளியே பனியில், மல்லிகா தன் கல்யாணப் பட்டோடு மண்டியிட்டு, தெரேசாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஸாரி, ஸாரி" என்று தமிழும் இங்கிலீஷுமாக அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஆக்சிஜன் வைத்துக் கொண்டுபோனார்கள். இன்னும் அரைமணி போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எழுத என்ன தகுதி இருந்திருக்கும்?

பிறகு பார்த்தபோது, புகைபோக்கிக்குள் ஒரு பறவைக் குடும்பம் கூடு கட்டிப் பாதி வழியை அடைத்திருந்தது. முழு வேகத்தில் எரிந்த பாயிலரின் புகையை அந்த ஃபேன் நேரே தெரேசாவின் அறைக்கு இழுத்துவிட்டிருந்தது. தணிகாசலம் அந்த வீட்டை வாங்கவில்லை. பாயிலர் காரணம் இல்லை. பால் பொங்கிய அன்றே ஆம்புலன்ஸ் வந்தது அபசகுனமாம்.

சாயங்காலம் வால்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். ஆப்பிளைக் கடித்தபடி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"அறுபத்தோராவது கதவு ஏன் மூடியே இருந்தது?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டாவது சோதனையைத் தள்ளிப்போட்டதற்கு அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆப்பிளைக் கீழே வைத்தார்.

"அவரை உள்ளே அனுப்பியது யார் என்று இதில் இல்லையே."

"ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை, வால்டர்."

"இல்லைதான்," என்றார். "அப்படியென்றால் அந்த அம்மாளிடமே போய்ச் சொல்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெரேசா தலையணையில் சாய்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. எங்கள் வழக்கத்தில் விசேஷ நேரத்தில் விதவை எதிரே வரக்கூடாது என்பார்கள், அதற்காகத்தான் உங்களை உள்ளே போகச் சொன்னேன், ஓய்வெடுக்க என்று சொன்னது பொய், கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தும் போனேன், என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார்.

"தலை ரொம்ப வலித்தது. வெளியே வந்துவிடலாமா என்று பார்த்தேன். நீங்கள் இன்னும் கூப்பிடவில்லையே என்று இருந்துவிட்டேன்" என்றார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, என் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடுங்கள், எனக்குப் பழக்கம்தான். பெரிய விருந்தாளிகள் வரும் நாளெல்லாம் ஜெனரலும் என்னை அந்த அறைக்குத்தான் அனுப்புவார். அவரும் உங்களைப் போலத்தான். அதட்டவே மாட்டார். ப்ளீஸ் என்றுதான் சொல்வார்."